தாக்கலான நாளே கணக்கு: கிரீன் கார்டும் காலம் தாழ்த்தும் நிறுவனமும்

வாசகர் கேள்வி பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே கவலையைத்தான் சொல்கின்றன. பிள்ளை அமெரிக்காவில் வேலை பார்க்கிறான், நிறுவனம் கிரீன் கார்டுக்கு ஏற்பாடு செய்வதாகச் சொல்லிக்கொண்டே ஆண்டுக்கணக்கில் தள்ளிப் போடுகிறது, என்ன செய்வது என்று கேட்கிறார்கள். அவற்றில் நான்கை இங்கே எடுத்துக்கொள்கிறேன். பெயரை வெளியிட வேண்டாம் என்று பலர் கேட்டிருப்பதால், எல்லோருக்கும் ஊரை மட்டுமே குறிப்பிட்டிருக்கிறேன்.

கேள்வி: ஐயா, நான் மின்வாரியத்தில் இருந்து ஓய்வு பெற்றவன். என் மகன் மதுரையில் பி.இ. முடித்துவிட்டு, டெக்சாஸில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை செய்கிறான். 2021 அக்டோபர் 1 முதல் ஹெச்-1பி என்ற தற்காலிக வேலை விசாவில் இருக்கிறான். அதில் இருக்கக்கூடிய ஆறு ஆண்டு வரம்பு 2027 செப்டம்பர் 30 அன்று முடிகிறது. 2023 முதல் ‘ஃபைல் செய்கிறோம்’ என்று சொல்லி வந்தார்கள். சென்ற ஜூலையில் சம்பள நிர்ணயத்துக்கு எழுதிப் போட்டு, இந்த ஜனவரியில் பதிலும் வந்துவிட்டதாம், அது ஜூன் 30 வரை செல்லுமாம். அதற்குப் பிறகு ஓர் அசைவும் இல்லை. நிறுவனத்தைக் கட்டாயப்படுத்த வழி உண்டா? அரசிடம் புகார் செய்யலாமா? வேறு நிறுவனத்துக்கு மாறிவிடலாமா? அவன் தொலைபேசியில் சொல்வதையெல்லாம் ஒரு நோட்டில் எழுதி வருகிறேன், அதில் இரண்டு பக்கத்தின் நகலை இணைத்திருக்கிறேன்.
– திருநகர், மதுரை

பதில்: ஐயா, தாங்கள் அனுப்பிய அந்த இரண்டு பக்கங்களைப் பலமுறை படித்தேன். ‘2023 ஆடி: அடுத்த காலாண்டில் என்றார்கள். 2024 தை: பட்ஜெட் வரவில்லை. 2024 புரட்டாசி: வக்கீல் மாறிவிட்டார். 2025 மாசி: மேலாளர் மாறிவிட்டார்.’ தேதி போட்டு, கோடிட்டு, சிவப்பு மையில் ‘மீண்டும் கேட்க’ என்று ஓரத்தில் குறித்து வைத்திருக்கிறீர்கள். இதே பழக்கத்தைத் தங்கள் மகனும் அங்கே மின்னஞ்சலில் வைத்திருந்தால், இன்று அவர் நிலை இன்னும் உறுதியாக இருந்திருக்கும். அதனால்தான் பதிலை அந்த நோட்டில் இருந்தே தொடங்குகிறேன்.

முதலில், கட்டாயப்படுத்த முடியுமா என்ற கேள்விக்கு நேரான விடை, முடியாது என்பதுதான். நிறுவனத்தின் வழியாகப் பெறும் கிரீன் கார்டில் முதல் இரண்டு படிகளும் நிறுவனத்தின் விண்ணப்பங்களே தவிரத் தொழிலாளியின் விண்ணப்பங்கள் அல்ல. ஒருவருக்கு ஸ்பான்சர் செய்தே ஆக வேண்டும் என்று அமெரிக்கச் சட்டம் எந்த நிறுவனத்தையும் பணிப்பதில்லை, ஆகவே தாமதம் என்ற ஒன்றை மட்டும் வைத்து அரசிடம் புகார் செய்ய இடமில்லை. சம்பளத்தைக் குறைத்தாலோ, பெர்ம் செலவைத் தொழிலாளியின் தலையில் கட்டினாலோ அது வேறு கதை, அதற்குச் சட்டம் இருக்கிறது. பெர்ம் என்று எல்லோரும் சொல்லும் தொழிலாளர் சான்றுக்கான வழக்கறிஞர் கட்டணம், விளம்பரச் செலவு ஆகியவற்றை நிறுவனமே ஏற்க வேண்டும் என்பது 2007 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கும் விதி. பின்னால் வேலையை விட்டுப் போனால் அந்தத் தொகையைத் திருப்பித் தர வேண்டும் என்று எழுதி வாங்குவதும் அந்த விதிக்கு முரணானது.

இனி, எது எங்கே நிற்கிறது என்று பார்ப்போம். நிறுவனம் முதலில் அந்த வேலைக்கு அந்தப் பகுதியில் நிலவும் ஊதியம் என்ன என்று அமெரிக்கத் தொழிலாளர் துறையிடம் கேட்டுப் பெற வேண்டும். தாங்கள் சொன்ன சம்பள நிர்ணயம் அதுதான், அது வந்துவிட்டது. அடுத்து, அந்த வேலைக்குத் தகுதியான அமெரிக்கத் தொழிலாளி கிடைக்கிறாரா என்று பார்க்க விளம்பரம் செய்ய வேண்டும். இரண்டு ஞாயிற்றுக்கிழமை நாளிதழ் விளம்பரம், மாநில வேலைவாய்ப்பு அமைப்பில் 30 நாள் அறிவிப்பு, வேலை நடக்கும் இடத்தில் தொடர்ந்து 10 வேலை நாட்கள் ஒட்டி வைக்கும் அறிவிப்பு, இவற்றோடு வேறு மூன்று வகை விளம்பரங்கள் என்று இந்தக் கட்டம் நடக்கிறது. கடைசியாகச் சொன்ன அந்த அலுவலக அறிவிப்பைத் தங்கள் மகன் தம் கண்ணாலேயே பார்க்கலாம். அது ஒட்டப்படவே இல்லை என்றால், ‘விளம்பரக் கட்டத்தில் இருக்கிறது’ என்ற வாய்வார்த்தையை அவர் நம்ப வேண்டியதில்லை. இவையெல்லாம் முடிந்து, விண்ணப்பதாரர்களைப் பரிசீலிக்க 30 நாள் இடைவெளியும் விட்டபின்தான் பெர்ம் விண்ணப்பம் தாக்கலாகிறது. அந்தத் தாக்கல் நாள்தான் பிரையாரிட்டி தேதி, அதாவது வரிசையில் அவர் துண்டு போட்டு இடம் பிடிக்கும் நாள். அதற்கு முன் நடந்த எதற்கும் வரிசையில் இடமில்லை. சம்பள நிர்ணயம் வந்ததும் விளம்பரம் வந்ததும் ஆயத்தங்கள் மட்டுமே.

இதை நான் ஏட்டில் படித்துச் சொல்லவில்லை. 2009 நவம்பரில் நான் நியூ ஜெர்சியில் வேலையில் இருந்தபோது, எனக்கான விளம்பரம் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் நாளிதழில் வந்தது. இரண்டாம் வாரம் அதிகாலையிலேயே கடைக்குப் போய் இரண்டு பிரதிகள் வாங்கி, வேலைவாய்ப்புப் பக்கத்தில் கட்டைவிரல் அளவே இருந்த அந்தப் பெட்டியைக் கத்தரித்து, கடவுச்சீட்டின் உறைக்குள் வைத்துக்கொண்டேன். அது இன்றும் என்னிடம் இருக்கிறது, தாள் பழுத்துவிட்டது. அந்த விளம்பரம் வெளியான 180 நாட்களுக்குள் பெர்ம் தாக்கலாகியிருக்க வேண்டும். நிறுவனம் ‘ஒரு கையெழுத்துதான் பாக்கி’ என்று சொல்லிச் சொல்லியே 180 நாட்களைக் கடத்திவிட்டது. விளம்பரம் காலாவதியாகி, மறுபடி முதலில் இருந்து தொடங்கி, 2010 டிசம்பரில்தான் தாக்கல் செய்தார்கள். 2012 வசந்த காலத்தில் இந்தியாவில் பிறந்தவர்களுக்கான ஈ.பி.-2 (உயர்கல்வித் தகுதி வேண்டும் வேலைகளுக்கான பிரிவு) வரிசை யாரும் எதிர்பாராத வேகத்தில் 2010 மே 1 வரை முன்னேறியது. அந்தத் தேதிக்கு முன் தாக்கலானவர்கள் எல்லோரும் கடைசிப் படியான ஐ-485 விண்ணப்பத்தைக் கொடுத்துவிட்டார்கள். சில வாரங்களில் வரிசை 2007க்குத் திரும்பப் போய்விட்டது. அந்த ஒரு கையெழுத்து ஏப்ரலில் விழுந்திருந்தால் நானும் அந்த வாசலில் நுழைந்திருப்பேன். நான் அன்று செய்த பிழை, தாமதத்துக்கு ஒரு கடைசி நாள் இருக்கிறது என்பதை நிறுவனத்துக்கு ஒருமுறைகூட எழுத்தில் நினைவூட்டாததுதான்.

தங்கள் மகனுக்கும் அப்படி ஒரு கடைசி நாள் இருக்கிறது. ஆறு ஆண்டுக்கு மேல் ஹெச்-1பி நீட்டிப்பு கிடைக்க 2000ஆம் ஆண்டின் ஏ.சி.-21 சட்டம் இரண்டு வழிகளைத் தருகிறது. பெர்ம் விண்ணப்பமோ, அதற்கு அடுத்த படியாக நிறுவனம் குடியேற்றத் துறையிடம் தரும் ஐ-140 மனுவோ தாக்கலாகி 365 நாட்கள் ஆகியிருந்தால் ஓராண்டு ஓராண்டாக நீட்டிக்கலாம். ஐ-140 அங்கீகரிக்கப்பட்டு, நாட்டுக்கான ஒதுக்கீட்டு வரம்பினால் மட்டும் கார்டு தடைப்பட்டிருந்தால் மூன்று ஆண்டுகளுக்கு நீட்டிக்கலாம். தொழிலாளர் துறை பெர்மைப் பரிசீலித்து முடிக்கவே அண்மைக் காலத்தில் ஓராண்டுக்கு மேல் ஆகிறது என்பதால், அவர் நம்பியிருக்க வேண்டியது முதல் வழியைத்தான். ஆறாம் ஆண்டு 2027 செப்டம்பர் 30 அன்று முடிகிறது என்றால், பெர்ம் 2026 செப்டம்பர் இறுதிக்குள் தாக்கலாகியிருக்க வேண்டும். விளம்பரக் கட்டத்துக்குக் குறைந்தது இரண்டு மாதம் தேவை. சம்பள நிர்ணயம் ஜூன் 30 வரையே செல்லும் என்பதால், அதற்குள் விளம்பரமாவது தொடங்கியிருக்க வேண்டும், இல்லையென்றால் அதையும் புதிதாகக் கேட்டு மாதக்கணக்கில் காத்திருக்க நேரும். ஆகவே, ‘இன்னும் ஒன்றரை ஆண்டு இருக்கிறதே’ என்று மேலாளர் சொல்வது அறியாமையினால்தான். உண்மையில் அவர் கையில் இருப்பது சில மாதங்களே.

ஒரு சிறு ஆறுதல் உண்டு. ஹெச்-1பியின் ஆறு ஆண்டுக் கணக்கில் அமெரிக்காவுக்கு வெளியே முழு நாளாகக் கழித்த நாட்கள் சேராது. தங்கள் நோட்டின் முதல் பக்கத்திலேயே, மகன் சித்திரைத் திருவிழாவுக்கு வந்து 26 நாட்களும், தங்கையின் திருமணத்துக்கு வந்து 34 நாட்களும் ஊரில் இருந்ததாக எழுதியிருக்கிறீர்கள். அமெரிக்காவை விட்டுக் கிளம்பிய நாளையும் அங்கே திரும்பிப் போய்ச் சேர்ந்த நாளையும் கழித்துவிட்டுத்தான் இந்தக் கணக்கு என்றால், 60 நாட்களை மீட்டு, ஆறாம் ஆண்டின் முடிவை 2027 நவம்பர் 29 வரை கொண்டு போகலாம். கடவுச்சீட்டின் முத்திரைகளும் விமானப் பயண அட்டைகளும் அதற்குச் சான்று. ஆனால் இதை அவர் தம் வழக்கறிஞரிடம் மட்டும் சொல்லட்டும். நிறுவனத்திடம் சொன்னால் அந்த 60 நாட்களையும் சேர்த்தே தள்ளிப் போடுவார்கள் என்பது என் அனுபவம்.

நிறுவனம் ஏன் தாமதிக்கிறது என்பதையும் அவர் கண்டுபிடிக்க வேண்டும், ஏனென்றால் காரணத்தைப் பொறுத்தே மருந்து. கடந்த ஆறு மாதத்தில் அதே பகுதியில் அதே வகை வேலையில் ஆட்குறைப்பு செய்திருந்தால், நீக்கப்பட்டவர்களுக்குத் தகவல் தந்து அவர்களைப் பரிசீலித்த பிறகே பெர்ம் தாக்கல் செய்ய முடியும். பல நிறுவனங்கள் அந்தச் சிக்கலை விரும்பாமல் கிரீன் கார்டு வேலையையே மொத்தமாக நிறுத்தி வைக்கின்றன. அப்படியானால் என்று மீண்டும் தொடங்குவார்கள் என்பதற்குத் திட்டமான விடை உண்டு, அதைக் கேட்டுப் பெறலாம். சிறு நிறுவனமாக இருந்தால், குறிப்பிட்ட சம்பளத்தைத் தரும் வசதி தனக்கு இருப்பதாகப் பெர்ம் தாக்கலான நாளில் இருந்தே வரிக் கணக்கைக் காட்டி ஐ-140இல் நிரூபிக்க வேண்டும், அந்த இடத்தில் தயங்குவார்கள். மூன்றாவது காரணத்தை யாரும் வெளியே சொல்வதில்லை. கிரீன் கார்டு தொடங்காத ஊழியர் ‘அடுத்த மாதம் தொடங்கும்’ என்ற நம்பிக்கையிலேயே குறைந்த சம்பளத்தில் ஓடியாடி உழைப்பார் என்பது சில மேலாளர்களின் கணக்கு. தங்கள் நோட்டில் ஒவ்வொரு முறையும் காரணம் மாறிக்கொண்டே போவதைப் பார்க்கும்போது, எனக்கு இந்த மூன்றாவதுதான் தோன்றுகிறது.

ஆகவே அவர் செய்ய வேண்டியது இது. ‘எப்போது ஃபைல் செய்வீர்கள்’ என்று இனி கேட்க வேண்டாம், அந்தக் கேள்விக்கு ‘விரைவில்’ என்பதே விடையாக வரும். மனிதவளத் துறைக்கும் மேலாளருக்கும் சேர்த்து, பணிவாகவும் சுருக்கமாகவும் ஒரு மின்னஞ்சல் எழுதட்டும். ‘என் ஹெச்-1பியின் ஆறாம் ஆண்டு 2027 செப்டம்பர் 30 அன்று முடிகிறது. அதற்கு மேல் நான் இங்கே பணியாற்ற வேண்டுமானால் பெர்ம் விண்ணப்பம் 2026 செப்டம்பர் 30க்குள் தாக்கலாகியிருக்க வேண்டும். பெறப்பட்ட சம்பள நிர்ணயம் ஜூன் 30 வரையே செல்லும். முதல் விளம்பரம் எந்த நாளில் வெளியாகும் என்பதையும், சம்பள நிர்ணயத்தின் வழக்கு எண்ணையும் தெரிவிக்க வேண்டுகிறேன்’ என்ற அளவு போதும். வழக்கு எண் கேட்பதில் ஒரு காரணம் இருக்கிறது. சம்பள நிர்ணயத்துக்கு பி-100 என்றும் பெர்முக்கு ஜி-100 என்றும் தொடங்கும் எண் ஒன்று கட்டாயம் இருக்கும், தொழிலாளர் துறையின் ஃபிளாக் தளத்தில் அதன் நிலையைத் தேடிப் பார்க்கலாம். எண் தர மறுப்பவர்களிடம் பெரும்பாலும் எண்ணே இருப்பதில்லை.

இப்போதே மாறிவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஐ-140 அங்கீகாரம் பெறாத நிலையில் மாறினால், இங்கே நடந்த எதையும் கையோடு கொண்டு போக முடியாது, சம்பள நிர்ணயமும் அந்த நிறுவனத்தோடே நின்றுவிடும். புதிய நிறுவனம் முதலில் இருந்து தொடங்கினால், சம்பள நிர்ணயத்துக்கே அரையாண்டு போய்விடக்கூடும். அது வந்துகொண்டிருக்கும்போதே விளம்பரத்தையும் இணையாக நடத்தும் வழக்கறிஞர் கிடைத்தால் மட்டுமே செப்டம்பருக்குள் வர இயலும். ஆகவே, மார்ச் இறுதி வரை இங்கேயே அழுத்தம் கொடுக்கட்டும், அதே வேளையில் வேறு வேலையும் தேடட்டும். மார்ச் 31க்குள் விளம்பர நாள் எழுத்தில் வராவிட்டால் கிளம்பிவிடுவதே நல்லது. புதிய இடத்தில் ‘சேர்ந்த முதல் மாதத்திலேயே பெர்ம் வேலை தொடங்கும்’ என்ற வரி பணி ஆணையில் இருக்க வேண்டும். ‘ஆறு மாதம் கழித்துப் பரிசீலிப்போம்’ என்பவர்களிடம் அவர் சேரவே கூடாது.

எல்லாம் தவறி, 365 நாட்கள் நிறையாமலே ஆறு ஆண்டு முடிந்தால் என்ன ஆகும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பெர்ம் தாக்கலாகியிருந்தால், அவர் நாட்டைவிட்டு வெளியே இருந்து, 365 நாட்கள் நிறைந்ததும் அதே அடிப்படையில் திரும்ப முடியும். மனைவி தனியாக ஹெச்-1பியில் இருந்தால், வாழ்க்கைத்துணைக்கான ஹெச்-4 விசாவுக்கு மாறிக் காத்திருக்கலாம். பெர்மே இல்லாவிட்டால், ஓராண்டு முழுவதும் வெளியே இருந்துவிட்டுப் புதிய ஆறாண்டுக் கணக்கைத் தொடங்க வேண்டியதுதான். ஆனால் அது ஹெச்-1பிக்கு ஆள் தேர்ந்தெடுக்கும் குலுக்கலையும், 2025 செப்டம்பரில் வெளிநாட்டில் இருப்பவர்களுக்கான புதிய ஹெச்-1பி மனுக்களுக்கு விதிக்கப்பட்ட 1,00,000 டாலர் கட்டணத்தையும் எதிர்கொள்ளும் பாதை. ‘ஒரு வருடம் ஊரில் இருந்துவிட்டுப் போகிறேன்’ என்று முன்பு எளிதாகச் சொன்னதுபோல் இப்போது சொல்ல முடியாது.

கார்டு எப்போது கைக்கு வரும் என்று தாங்கள் கேட்கவில்லை, ஆனாலும் மனத்தில் அது இருக்கும். வேலைவழிக் குடியேற்றத்துக்கு ஆண்டுக்கு ஏறக்குறைய 1,40,000 இடங்கள், ஒரு நாட்டில் பிறந்தவர்களுக்கு 7 விழுக்காடு வரம்பு. இந்தியர்களுக்கான ஈ.பி.-2, அதற்கு அடுத்த பிரிவான ஈ.பி.-3 ஆகிய வரிசைகளில் பத்தாண்டுகளுக்கும் மேல் காத்திருந்தவர்களே இப்போது அழைக்கப்படுகிறார்கள். இன்று சேர்பவருக்கு நாள் சொல்ல யாராலும் ஆகாது. எனினும் ஐ-140 அங்கீகரிக்கப்பட்ட அன்றே அவருக்குப் பல உரிமைகள் வந்துவிடுகின்றன. விசாவை மூன்று ஆண்டுகள் வீதம் நீட்டிக்கலாம், ஹெச்-4இல் இருக்கும் மருமகள் வேலை அனுமதி கேட்கலாம், பிரையாரிட்டி தேதியைக் கையோடு கொண்டு நிறுவனம் மாறலாம். கார்டுக்கு முன்னால் இதற்காகத்தான் இந்த அவசரம்.

கேள்வி: அண்ணா, நான் கலிஃபோர்னியாவில் வேலை செய்கிறேன், இப்போது விடுப்பில் ஊரில் இருக்கிறேன். என் ஐ-140 அங்கீகரிக்கப்பட்டு நான்கு மாதம் ஆகிறது. வேறு நிறுவனத்தில் நல்ல வேலை கிடைத்திருக்கிறது. நான் போனால் ஐ-140ஐத் திரும்பப் பெற்றுவிடுவோம், எல்லாம் போய்விடும் என்று மேலாளர் பயமுறுத்துகிறார். அங்கீகாரத்தின் நகலையும் எனக்குத் தரவில்லை.
– மேலூர்

பதில்: தங்கையே, மேலாளர் சொல்வதில் பாதி உண்மை, பாதி மிரட்டல். 2017 ஜனவரி 17 முதல் நடைமுறைக்கு வந்த விதியின்படி, ஐ-140 அங்கீகரிக்கப்பட்டு 180 நாட்கள் கடந்துவிட்டால், நிறுவனம் திரும்பப் பெற்றாலும் அந்த அங்கீகாரம் தானாக ரத்தாவதில்லை, அதைக் காட்டி ஹெச்-1பி நீட்டிப்பு கேட்கலாம். 180 நாட்களுக்குள் திரும்பப் பெற்றால் அந்த நீட்டிப்பு வசதி போய்விடும். ஆனாலும், மோசடியோ தவறான தகவலோ பெர்ம் ரத்தோ அரசின் பெரும் பிழையோ இல்லாதவரை, பிரையாரிட்டி தேதி உங்களுடையதாகவே இருக்கும். புதிய நிறுவனம் பெர்ம், ஐ-140 இரண்டையும் புதிதாகச் செய்ய வேண்டும், வரிசையில் உங்கள் இடம் மட்டும் பழைய தேதியிலேயே இருக்கும்.

ஆகவே நீங்கள் எண்ண வேண்டியது ஏறக்குறைய 60 நாட்கள். புதிய நிறுவனத்திடம் சேரும் நாளை இரண்டு மாதம் தள்ளி வைக்க முடியுமா என்று கேளுங்கள். ஆறு ஆண்டில் இன்னும் போதிய காலம் மிச்சமிருந்தால், அந்த நிபந்தனை இல்லாமலே போகலாம், ஏனென்றால் புதிய ஐ-140 வருவதற்கு நேரம் இருக்கிறது. ஆறாம் ஆண்டைக் கடந்துவிட்டவராக இருந்தால் ஒரு நாள்கூட முந்த வேண்டாம்.

நகல் தராதது பெரிய தடையே அல்ல. அங்கீகார அறிவிப்பு நிறுவனத்துக்கும் அதன் வழக்கறிஞருக்கும்தான் போகும் என்பதால் பலரிடம் அது இருப்பதில்லை. ரசீது எண் ஒன்று தெரிந்திருந்தாலே புதிய வழக்கறிஞருக்குப் போதும். அதுவும் இல்லையென்றால், நம் ஊர்த் தகவல் உரிமைச் சட்டம் போல அமெரிக்காவிலும் ஒன்று உண்டு. அதன்கீழ் குடியேற்றத் துறையிடம் உங்கள் கோப்பின் நகலை நீங்களே கேட்டுப் பெறலாம், நிறுவனத்தின் சம்மதம் அதற்குத் தேவையில்லை. அமெரிக்கா திரும்பியதும் முதல் வேலையாக அதற்கு விண்ணப்பித்துவிடுங்கள்.

கேள்வி: ஐயா, என் தம்பியின் நிறுவனம் மூன்று ஆண்டாக இழுத்தடிக்கிறது. எங்களுக்குத் தெரிந்த ஒருவர், எட்டு லட்சம் ரூபாய் கொடுத்தால் அமெரிக்காவில் வேறொரு கம்பெனி பெயரில் பெர்ம் போட்டு, ஆறே மாதத்தில் ஐ-140 வாங்கித் தருவதாகச் சொல்கிறார். வேலை அங்கே பார்க்க வேண்டியதில்லையாம், பெயருக்குத்தானாம். நிலத்தை அடகு வைக்கலாம் என்றிருக்கிறோம்.
– உசிலம்பட்டி

பதில்: நிலத்தின் மேல் கை வைக்காதீர்கள், அந்த மனிதரிடம் தம்பியின் கடவுச்சீட்டு நகலைக்கூடக் கொடுக்காதீர்கள். பெர்ம் செலவைத் தொழிலாளியிடம் வாங்குவதே விதிமீறல் என்று மேலே சொன்னேன், இது அதையும் தாண்டியது. இல்லாத வேலைக்கு விண்ணப்பிப்பது மோசடி. குடியேற்ற நன்மைக்காகப் பொய்யான தகவல் தந்தவர் என்று ஒருமுறை கோப்பில் ஏறிவிட்டால், அது ஆயுள் முழுவதும் அமெரிக்க நுழைவைத் தடுக்கக்கூடியது. பின்னால் உண்மையான நிறுவனம் உண்மையான வேலையோடு வந்தாலும் அந்தக் கறை குறுக்கே நிற்கும், பிரையாரிட்டி தேதியும் நிற்காது. ஆறே மாதம் என்ற பேச்சும் நம்பத்தக்கதல்ல. ஐ-140ஐ மட்டும் கூடுதல் கட்டணம் கட்டி 15 வேலை நாட்களில் முடிவு பெற முடியும், அதற்கு முந்தைய பெர்மை விரைவுபடுத்த எந்தக் கட்டணமும் கிடையாது. பெர்மை ஆறு மாதத்தில் வாங்கித் தருவதாகச் சொல்பவர் அந்த நடைமுறையையே அறியாதவர், அல்லது அறிந்தும் பொய் சொல்பவர்.

தம்பியின் கல்வியும் பணியும் சிறந்தவையாக இருந்தால், நிறுவனமே தேவைப்படாத தேசிய நலன் விலக்கு என்ற வழி ஈ.பி.-2 பிரிவில் இருக்கிறது, அதற்கு அவர் தாமே மனு செய்யலாம். அதற்கும் தகுதி உண்டா என்று நேர்மையாகச் சொல்லக்கூடிய குடியேற்ற வழக்கறிஞரிடம் ஒரு மணி நேர ஆலோசனைக்கு அவர் அங்கே பணம் கட்டட்டும். எட்டு லட்சத்தில் அது மிகச் சிறிய பங்கு.

கேள்வி: நான் மதுரையில் பிறந்தவன். என் மனைவி குவைத்தில் பிறந்தவர், அவருடைய அப்பா அங்கே வேலை பார்த்தார். இந்தியக் குடியுரிமைதான். என் நிறுவனம் பெர்ம் தாக்கல் செய்ய இன்னும் ஓராண்டு ஆகும் என்கிறது. அதுவரை நாங்கள் சேகரித்து வைக்க வேண்டிய ஆவணங்கள் என்னென்ன?
– கே.கே.நகர், மதுரை

பதில்: கேட்ட கேள்விக்கு முன் கேட்காத ஒன்றைச் சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் கடிதத்தின் இரண்டாவது வரி நீங்கள் நினைப்பதைவிடப் பெரியது. கிரீன் கார்டு வரிசை குடியுரிமையைப் பார்ப்பதில்லை, பிறந்த நாட்டையே பார்க்கிறது. கணவனும் மனைவியும் சேர்ந்து குடியேறும்போது, இருவரில் யார் பிறந்த நாட்டின் வரிசை குறுகியதோ அதில் இருவரையும் வைக்கச் சட்டம் இடம் தருகிறது. உங்கள் மனைவி குவைத்தில் பிறந்ததால், பத்தாண்டைத் தாண்டி நீளும் இந்திய வரிசையில் நீங்கள் நிற்க வேண்டிய தேவையே இருக்காது. சிங்கப்பூர், மலேசியா, இலங்கை, வளைகுடா நாடுகள் என்று பிழைக்கப் போன குடும்பங்கள் நம் பக்கத்தில் ஏராளம், இந்த வாய்ப்பு தெரியாமலே ஆண்டுக்கணக்கில் காத்திருப்பவர்களும் இருக்கிறார்கள். பிள்ளை பிறந்த நாட்டை இப்படிப் பெற்றோர் பயன்படுத்த முடியாது. பெர்முக்கும் ஐ-140க்கும் இதனால் எந்த மாற்றமும் இல்லை, கடைசிப் படியில்தான் இது வேலை செய்கிறது. நிறுவனத்தின் ஓராண்டுத் தாமதம் மற்றவர்களைவிட உங்களைக் கூடுதலாகப் பாதிக்கிறது என்பதற்கும் இதுவே காரணம். மற்றவருக்கு நீண்ட காத்திருப்பில் கரைந்துவிடும் ஓராண்டு, உங்களுக்குக் கார்டையே நேராக ஓராண்டு தள்ளிப் போடுகிறது. இதை வழக்கறிஞரிடம் சொல்லி, நிறுவனத்துக்கு எடுத்துரைக்கச் செய்யுங்கள்.

ஆவணங்களில் முதலாவது, முந்தைய நிறுவனங்களின் பணி அனுபவக் கடிதம். இப்போதைய நிறுவனத்தில் சேருவதற்கு முன் பெற்ற அனுபவம்தான் பெரும்பாலும் பெர்மில் எடுபடும். சேர்ந்த நாள், விலகிய நாள், செய்த வேலையின் விவரம் ஆகிய மூன்றும் நிறுவனத் தாளில் இருக்க வேண்டும், வழக்கமாகத் தரும் இரண்டு வரிச் சான்று போதாது. அந்த நிறுவனம் மூடிவிட்டால், உடன் பணியாற்றிய மேலதிகாரியிடம் உறுதிமொழிப் பத்திரம் வாங்கலாம். பட்டம் மூன்றாண்டு பி.எஸ்சி. என்றால், அது தனியாக அமெரிக்க நான்காண்டுப் பட்டத்துக்கு நிகராகக் கொள்ளப்படுவதில்லை, முதுகலைப் பட்டத்தோடு சேர்த்து மதிப்பீடு பெற்று வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, உங்கள் பெயர். நம் பக்கத்துப் பெயர்களில் தலைப்பெழுத்து ஓரிடத்தில் முன்னாலும் ஓரிடத்தில் பின்னாலும் இருக்கும், கடவுச்சீட்டில் தந்தை பெயர் முழுதாக விரிந்திருக்கும், மாநகராட்சிப் பிறப்புச் சான்றில் குழந்தையின் பெயரே இல்லாமல் ‘ஆண்’ என்று மட்டும் இருக்கும். கடிதம் எழுதிய வாசகர் ஒருவரின் சான்றில் தந்தை பெயரில் ஒரு மெய்யெழுத்து விடுபட்டிருந்ததைச் சரிசெய்ய, அவருடைய அம்மா இரண்டு மாதம் அலைய நேர்ந்தது. இதை விண்ணப்ப நேரத்தில் செய்ய முயன்றால் பதற்றம்தான் மிஞ்சும். உங்கள் சான்றில் பெயரைச் சேர்ப்பதையும் திருத்துவதையும் இந்த ஓராண்டுக்குள் முடித்துவிடுங்கள். பதிவே இல்லையென்றால், பதிவு இல்லை என்ற சான்றையும் உங்கள் பிறப்பை நேரில் அறிந்த உறவினர் இருவரின் உறுதிமொழியையும் வாங்கி வையுங்கள். திருமணத்தைக் கோயிலிலோ மண்டபத்திலோ செய்திருந்து இன்னும் பதிவு செய்யாமல் இருந்தால், அதையும் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்துவிடுங்கள்.

இவை எல்லாவற்றிலும் முக்கியமானது மனைவியின் குவைத் பிறப்புச் சான்றிதழ். உங்கள் வரிசையே அந்த ஒரு தாளை நம்பித்தான் இருக்கிறது. கடவுச்சீட்டில் பிறந்த இடம் குவைத் என்று இருந்தாலும், மூலச் சான்று கட்டாயம் வேண்டும், அரபு மொழியில் இருந்தால் சான்றளிக்கப்பட்ட ஆங்கில மொழிபெயர்ப்பும் வேண்டும். வழக்கமாக இந்தத் தாள், அங்கிருந்து திரும்பிய குடும்பங்களில் மாமியாரின் பழைய பெட்டியில், மடித்த பட்டுப்புடவைகளுக்கு அடியில்தான் இருக்கும். இந்த ஞாயிற்றுக்கிழமையே போய்த் தேடிப் பாருங்கள், கிடைக்காவிட்டால் குவைத்தில் இருந்து நகல் எடுப்பதற்கு உங்கள் மாமனார் இருக்கும்போதே அவர் கையால் விண்ணப்பம் எழுதி வாங்கிவிடுங்கள்.